புதுச்சேரியில் பழைய டர்ன்டேபிள்: வாங்குவது முதல் ஊசி மாற்றுவது வரை

பழைய டர்ன்டேபிள் (இசைத்தட்டு ஓட்டும் கருவி) கண்ணில் பட்டால் எல்லோரும் முதலில் பெயரைத்தான் பார்ப்பார்கள்: தோரன்ஸ், டூயல், கேரார்ட், டெக்னிக்ஸ். அதற்கு முன் செட்டைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் மின்சார விவரத்தைப் படியுங்கள்.

படி 1: வோல்ட் அல்ல, ஹெர்ட்ஸ்

பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த செட்டுகள் புதுச்சேரி வீடுகளில் கிடைக்கும். அங்கும் நம் ஊர் போல 50 ஹெர்ட்ஸ்தான் (மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறி மாறிப் பாயும்), அப்படியே ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்தவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்ட் இறங்குமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது. தட்டை ரப்பர் பட்டையால் சுழற்றும் பெல்ட் வகையிலும், ரப்பர் சக்கரத்தால் சுழற்றும் ஐட்லர் வகையிலும் பெரும்பாலும் ஏசி மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 27.8 சுற்றில் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்.

மோட்டார் தண்டில் இருக்கும் புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் இது சரியாகும். அந்த மாடலுக்கான புல்லி கிடைக்கும் என்று உறுதி செய்துகொண்டு பணம் கொடுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 (1979) போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு டைரக்ட் டிரைவுக்கு (மோட்டாரே தட்டை நேராகச் சுழற்றும் வகை) இந்தத் தொல்லை கிடையாது, வோல்ட் பொருந்தினால் போதும்.

படி 2: கரண்ட் இல்லாமலே சோதிப்பது

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ கடலூர் மஞ்சக்குப்பம் பழைய சாமான் கடையிலோ பிளக் பாயின்ட்டை எதிர்பார்க்க முடியாது. கையாலேயே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

தட்டைச் சுழற்றுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிப்போய் மெதுவாக நிற்க வேண்டும். கரகரத்தால் பேரிங்கில் எண்ணெய் இல்லை, அது தீர்க்கக்கூடியது. தட்டின் ஓரத்தைப் பிடித்து ஆட்டும்போது நடுத்தண்டு பக்கவாட்டில் அசைந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது, வாங்காதீர்கள்.

அடுத்து டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை. பின்னால் உள்ள எடையைத் திருகி, ஆர்ம் தராசு முள் போல அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். லேசாக ஊதினால் நகர வேண்டும். பாதி வழியில் ஒட்டி நின்றால் பேரிங்கில் துரு. உப்புக்காற்று ஊரில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆர்ம் பேரிங்கைச் சரிசெய்வது வீட்டு வேலை அல்ல.

பெல்ட் இல்லையென்றால் கவலையில்லை. ஊசி இல்லாவிட்டாலும் சரி, எப்படியும் மாற்றப்போகிறோம். ஆனால் பின் எடையோ ஐட்லர் சக்கரமோ காணவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மாடலுக்கு மாடல் வேறுபடும், தனியாகக் கிடைப்பது கடினம்.

ஹெச்எம்வி ஃபியஸ்டா மாதிரிப் பெட்டி பிளேயர்கள் அழகானவை. அவற்றை அப்படியே வைத்துக் கேளுங்கள். அவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்). அதை எடுத்துவிட்டு மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் மாட்ட ஆர்மும் பொருந்தாது, ஆம்பும் பொருந்தாது.

படி 3: சுத்தம், எண்ணெய், பெல்ட்

தட்டைத் தூக்கி எடுத்து, நடுத்தண்டில் படிந்த கறுப்பு மசகை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு மூன்று சொட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் விடுங்கள். மோட்டார் தண்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அது பெல்ட்டிலோ ஐட்லர் ரப்பரிலோ பட்டால் வழுக்கும், வேகம் ஆடும். டூயல் போன்ற ஆட்டோமேட்டிக் செட்டுகளில் ஆர்ம் தானாக எழாமல் நின்றால் பெரும்பாலும் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவுங்கள்.

ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஆர்மின் தலை) முனைகளிலும் பின்னால் உள்ள ஆர்சிஏ பின்களிலும் (ஆம்புக்குப் போகும் இணைப்பு) பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போவதற்கு இதுவே முதல் காரணம். பென்சில் ரப்பரால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்தால் போதும்.

வேகத்தைப் பார்க்க ஸ்ட்ரோப் தாளை (கோடுகள் வளையமாக அச்சிட்ட தாள்) அச்சடித்துத் தட்டில் வையுங்கள். வேகம் சரியாக இருந்தால் விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு 33⅓ வேக வளையத்தில் 180 கோடுகள் இருக்க வேண்டும். 216 இருந்தால் அது அமெரிக்கத் தாள். பல எல்இடி விளக்குகளில் கோடுகள் நிற்பது தெரியாது. பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள்.

படி 4: கார்ட்ரிட்ஜ், ஊசி

மேம்படுத்தப் பணம் வைத்திருந்தால் முதல் ரூபாய் இங்கே போகட்டும். பழைய ஊசியின் வைரம் நன்றாகத் தெரிந்தாலும் அதைத் தாங்கும் ரப்பர் காலத்தில் இறுகியிருக்கும். அது இசைத்தட்டின் பள்ளத்தைச் சீவும்.

தொடங்குவோருக்கு ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ நல்ல தேர்வு: வெளியீடு 4 மில்லிவோல்ட், ஊசி அழுத்தம் 2 கிராம். பின்னாளில் அதே உடலில் ஊசியை மட்டும் உயர்ரகமாக மாற்றிக்கொள்ளலாம். அப்பா, தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகள் வீட்டில் இருந்தால் இந்த வசதி இன்னும் பெரிது. அவற்றின் பள்ளம் அகலம். எல்பி (33⅓ சுற்று வினைல் தட்டு) ஊசி அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். அதற்கென்றே இருக்கும் விஎம்என்95எஸ்பி ஊசியைச் செருகி, அழுத்தத்தை 5 கிராமாக்குங்கள். செட்டிலும் 78 வேகம் இருக்க வேண்டும்.

மாட்டும் முறை: ஊசி உறையைக் கழற்றாமல் இரண்டு திருகுகளையும் தளர்வாகப் போடுங்கள். ஒயர்களைச் சிறு இடுக்கியால் செருகுங்கள்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கார்ட்ரிட்ஜ் பின்னில் சால்டரிங் செய்யவே கூடாது, உள்ளே இருக்கும் சுருள் வெந்துவிடும்.

உறையைக் கழற்றி, ஆன்டி-ஸ்கேட்டைப் (ஆர்ம் உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, ஆர்மை அந்தரத்தில் நிறுத்துங்கள். எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பி, பிறகு எடையையும் சேர்த்து 2 வரை திருகுங்கள். எண்ணை அப்படியே நம்பாமல், 0.01 கிராம் காட்டும் சிறு டிஜிட்டல் தராசில் சரிபாருங்கள். ஊசி தராசில் உட்காரும் உயரம் இசைத்தட்டின் உயரமாகவே இருக்கட்டும். தட்டு தேயும் என்று பயந்து அழுத்தத்தைக் குறைப்பவர்கள் பலர். குறைந்தால் ஊசி பள்ளத்துக்குள் துள்ளி, சுவரை அதிகமாகக் கெடுக்கும்.

அடுத்தது கோணம். பேயர்வால்ட் புரோட்ராக்டரை (கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் கட்டத் தாள்) 100 சதவீத அளவில் அச்சடித்து, ஸ்கேலால் அளந்து உறுதி செய்யுங்கள். நடுவிலிருந்து 66 மிமீ, 120.9 மிமீ ஆகிய இரு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கட்டங்களுக்கு நேராக நிற்கும் வரை முன்னும் பின்னும் நகர்த்தித் திருகை இறுக்குங்கள். நகர்த்தியதால் எடை மாறியிருக்கும், மறுபடி அளக்கவும். கடைசியில் ஆன்டி-ஸ்கேட்டை 2-இல் வையுங்கள். வலது பக்கம் மட்டும் பிசிறடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

பாட்டின் கடைசிப் பகுதியில், லேபிளுக்கு அருகே, "ஸ", "ஷ" சீறுகிறதா? அவசரப்பட்டுப் புது ஊசி வாங்காதீர்கள், இந்தக் கோணத்தைத் திரும்பப் பாருங்கள்.

படி 5: ஆம்ப், எர்த், இடம்

ஆம்பில் ஃபோனோ இன்புட் (டர்ன்டேபிளுக்கான இணைப்பு) இல்லையென்றால் தனி ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும் (47 கிலோ ஓம், சுமார் 40 டெசிபெல்). ஆக்ஸில் (மற்ற கருவிகளுக்கான இணைப்பு) நேராகச் செருகினால் சத்தம் குறைவாகவும் பாஸ் இல்லாமலும் கேட்கும். "ம்ம்ம்" என்ற உறுமல் வந்தால் டர்ன்டேபிளின் எர்த் ஒயரைப் பிரீஆம்பின் எர்த் திருகில் கட்டுங்கள்.

மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடியில் நடந்தாலே ஊசி குதிக்கும். சுவரில் அடித்த பலகையில், ஒரு கடப்பாக்கல் துண்டின் மேல் வையுங்கள். ஸ்பீக்கர் இருக்கும் அதே பலகை மட்டும் வேண்டாம்.

படி 6: பூஞ்சணம் பிடித்த தட்டுகள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் வெள்ளை பூக்கும். வினைல் எல்பியை மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள். அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் ஒரு துளியும் ஆகாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு லிக்விட் கலந்த டிஸ்டில்டு வாட்டரை மட்டும் பயன்படுத்தி, லேபிள் நனையாமல் உடனே ஒற்றி எடுங்கள். முழுதும் உலர்ந்தபின் புது உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள். பழைய காகித உறையில் திரும்பப் போட்டால் அதிலிருக்கும் பூஞ்சணம் மறுபடி ஏறிவிடும்.