கிளிமூக்கு மாங்காயிலிருந்து ஒரு சேலை பிரிண்ட்: புதிதாக வரைபவர்களுக்கு

துணிக்கு டிசைன் வரையப் பழகுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "ஐடியாவுக்கு எங்கே போவது?" என்பதுதான். கேட்ட கையோடு போனைத் திறந்து பின்டரஸ்ட்டில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே கிடைப்பதெல்லாம் வேறு யாரோ பார்த்து, யோசித்து, வரைந்து முடித்தவை. அதைப் பார்த்துப் பழகிய கை அந்த வளைவையேதான் போடும்.

ஆந்திராவில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் இருக்கும் நமக்கு அந்த அவசியமே இல்லை. தெருவுக்குத் தெரு விசைத்தறி, சுற்றிலும் மாந்தோப்பு, ரேணிகுண்டாவில் வண்டி மாறினால் கலம்காரித் துணி ஓவியத்துக்குப் பேர்போன காளஹஸ்தி. (புத்தூர் என்றாலே எலும்புக்கட்டுதான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும், அது வேறு கதை.) இந்தப் பதிவில் ஒரே ஒரு மாங்காயை எடுத்துக்கொண்டு, அதைத் துணி பிரிண்டாக்கி, சேலை கட்டிய உருவத்தின் மேல் போட்டுப் பார்ப்பது வரை போகலாம். கம்ப்யூட்டர் வேண்டாம். வெள்ளைத் தாள், 2பி பென்சில், கறுப்புப் பேனா, போஸ்டர் கலர், கத்தரி, செல்லோடேப், பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தால் சரி.

1. ஒரு பொருள், ஒரே பொருள்

நான் கிளிமூக்கு மாங்காயைச் சொல்வதற்குக் காரணம், அது சித்தூர் பக்கத்துச் சரக்கு. சீசனில் கூழ் ஆலை வாசல்களில் லாரி லாரியாக நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு: "மாங்காய் டிசைன்" என்று சொன்னவுடனேயே பட்டுச்சேலைக் கரையில் இருக்கும் அந்த வளைந்த உருவம்தான் எல்லோர் மனதிலும் வரும். அதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையில் இருக்கும் காயை மட்டும் பார்ப்பது நல்ல பயிற்சி.

காயை மேசைமேல் வையுங்கள். முதல் தாளில் வெளிக்கோடு மட்டும். கீழ்நுனியில் மூக்கு எங்கே திரும்புகிறது, வயிறு எந்தப் பக்கம் அதிகம் உப்பியிருக்கிறது என்று பார்த்துப் போடுங்கள். காயைத் திருப்பித் திருப்பி வைத்து வரைந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு உருவம் வரும். அப்புறம் தோலுக்கு வாருங்கள். தோல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்கும். காம்புப் பக்கம் நெருக்கமாக இருக்கிறதா, மூக்குப் பக்கமா என்று எண்ணாமல் கண்ணாலேயே பார்த்துப் புள்ளி வையுங்கள். காம்பு ஒடித்தபோது வடிந்த பால் பட்ட இடம் கறுத்து, காயின் தோள்பட்டையிலிருந்து கீழ்நோக்கி ஒழுங்கில்லாத கோடாக ஓடியிருக்கும். வியாபாரி கழித்துப் போடும் காய் அது. நமக்கு அதுதான் வேண்டும். பட்டுக் கரை மாங்காயில் அந்தக் கோடு கிடையாது, அதனால் உங்கள் டிசைனுக்கு முகம் கொடுக்கப்போவதும் அந்தக் கோடுதான்.

காயை நீளவாக்கில் நறுக்கி, கொட்டையின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரையுங்கள். இலைக்கொத்தையும் வரையுங்கள். கடைசியாக நாலைந்து காயைக் குவித்து வைத்து, காய்களை விட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே தெரியும் இடைவெளிகளை மட்டும் கறுப்பாக நிரப்புங்கள். புதியவர்கள் தாண்டிப் போய்விடும் பயிற்சி இது. துணியில் கண் பார்ப்பது உருவத்தை மட்டுமில்லை, உருவங்களுக்கு நடுவில் இருக்கும் தரையையும் சேர்த்துத்தான்.

2. பிறகு காளஹஸ்தி

சொந்தமாகக் கொஞ்சம் வரைந்த பிறகே மற்றவர் வேலையைப் பார்க்கப் போக வேண்டும் என்பது என் கட்சி. கையில் ஒரு கேள்வியோடு போனால் கண் வேறு மாதிரி பார்க்கும்.

காளஹஸ்தி கலம்காரி கையால் எழுதுவது. மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் செய்வது மர அச்சு. காளஹஸ்தியில் கலத்தை, அதாவது எழுதுகோலை, கிட்டே போய்ப் பாருங்கள்: கூராகச் சீவிய மூங்கில் குச்சி, நுனிக்குச் சற்று மேலே துணியையோ கம்பளியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். மை அந்த உருண்டையில் தங்கும், விரலால் லேசாக அமுக்கினால் நுனிக்கு இறங்கும். கோடு தடிப்பதும் மெலிவதும் அந்த அமுக்கத்தில்தான்.

துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்திருப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்து எடுத்த கசீமியால் வெளிக்கோடு எழுதுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் கோடு கறுக்கிறது. பால் இருப்பதால் மை பரவாமல் நிற்கிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைப் பூசிச் சாயத்தில் காய்ச்சினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நீலத்துக்கு அவுரி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதில் ரெண்டு விஷயம். ஒன்று, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், நீலத்தின் மேல் மஞ்சள் ஏறிய பச்சை என்று விரல்விட்டு எண்ணும் நிறங்களில் ராமாயணமே எழுதிவிடுகிறார்கள். ரெண்டு, வெறும் இடத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்பது. உருவத்துக்குப் பின்னால் ஓடும் கொடி, பூ, புள்ளி இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அவர்கள் எழுதிய உருவத்தை அப்படியே நகலெடுத்து மெஷினில் அடித்துக் "கலம்காரி" என்று விற்பது அவர்கள் பிழைப்பில் கைவைப்பது. காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

பழைய துணி பார்க்க வேண்டுமென்றால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் இரண்டின் இணையதளத்திலும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பூத்துணிகள் இருக்கின்றன. இந்தத் துணி மோகம் தாங்காமல்தான் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டது. அப்படியே இங்கிலாந்து டிசைனர் வில்லியம் மோரிஸின் 1883 ஆம் வருடத்து "ஸ்ட்ராபெரி தீஃப்" துணியையும் பாருங்கள். தன் வீட்டுத் தோட்டத்தில் பழம் திருட வந்த த்ரஷ் பறவைகள்தான் கரு. அவர் எங்கும் போய்த் தேடவில்லை.

3. ரிப்பீட்: கோலம் தெரிந்தால் பாதி தெரியும்

நேர்புள்ளிக் கோலத்தில் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி. ஊடுபுள்ளியில் ரெண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி விழும். ஒரே டிசைன் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதை ரிப்பீட் என்பார்கள், அதிலும் இதே கதைதான். நேர் ரிப்பீட்டில் உருவங்கள் வரிசை கட்டி நிற்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். ஊடுபுள்ளி மாதிரி பக்கத்துப் பத்தியைப் பாதி உயரம் இறக்கினால் (இதை ஹாஃப் டிராப் என்பார்கள்) வரிசை மறைந்து துணி முழுக்க ஓடுகிற மாதிரி இருக்கும். உடுத்தும் துணிக்கு ஹாஃப் டிராப்பையே சொல்வேன்.

16 செ.மீ. சதுரத் தாள் எடுங்கள். ரோட்டரி பிரிண்டிங்கில் (சுழலும் உருளையால் துணியில் அச்சடிப்பது) சாதாரணமாகப் புழங்கும் உருளைச் சுற்றளவு 64 செ.மீ., அதில் 16 மிச்சமில்லாமல் அடங்கும்.

நடுவில் மட்டும் வரையுங்கள், எந்த ஓரத்தையும் தொட வேண்டாம். தாளைக் குறுக்கே நடுவில் வெட்டி, மேல்பாதியைக் கீழும் கீழ்பாதியை மேலும் வைத்துப் பின்பக்கம் டேப் போடுங்கள். இப்போது நடுவில் வெறும் இடம் தெரியும், அதில் வரையுங்கள், இடது வலது ஓரங்களைத் தொடாமல். அடுத்து நெடுக்கே நடுவில் வெட்டி இடம் வலம் மாற்றுங்கள். ஒட்டுவதற்கு முன் வலப்பாதியை 8 செ.மீ. கீழே இறக்கி, தொங்கும் துண்டை வெட்டி அதன் தலையில் ஒட்டிவிடுங்கள். நடுவில் மிச்சமிருக்கும் வெறும் இடத்தையும் நிரப்புங்கள், ஓரத்தைத் தொடாமல். டிசைன் தயார்.

ஜெராக்ஸ் போட்டு, அடுத்தடுத்த பத்தியை 8 செ.மீ. இறக்கி ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கே ஓட்டை, எங்கே கும்பல் என்று உடனே தெரியும். பால் கோட்டை நீட்டியோ, ஒரு இலையைச் செருகியோ சரிசெய்யுங்கள்.

4. நிறம்

மூன்று நிறமும் ஒரு தரையும் போதும். காயிலிருந்தே எடுங்கள்: தோல் பச்சை, சதை மஞ்சள், பால் கறுப்பு. அதே டிசைனை வேறு ரெண்டு நிறக்கட்டிலும் போட்டு வையுங்கள்.

5. உடம்பின் மேல் போட்டுப் பார்ப்பது

பேஷன் இலஸ்ட்ரேஷன் அழகுப் படம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு சோதனைச்சாலை.

நிஜ மனித உடம்பு சுமார் ஏழரைத் தலை உயரம். பேஷன் படத்தில் ஒன்பது தலை போடுவது வழக்கம். தலை 3 செ.மீ. என்றால் உருவம் 27 செ.மீ., ஏ4 தாளில் நிற்கும். ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் நிலையை வரையுங்கள்: கழுத்துக் குழியிலிருந்து நேர் கீழே இழுத்த கோடு, பாரம் தாங்கும் பாதத்தில் வந்து விழ வேண்டும். விழாவிட்டால் உருவம் சாய்ந்துவிடும். இதற்குப் பஸ் ஸ்டாண்டைவிட நல்ல வகுப்பு இல்லை. காத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். போட்டோ எடுக்காமல் அரை நிமிஷத்தில் கிறுக்குங்கள், முகம் வேண்டாம்.

இப்போது கணக்கு. 160 செ.மீ. ஆள் 27 செ.மீ. ஆகியிருக்கிறார், ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. துணியில் 6 செ.மீ. இருக்கும் மாங்காய் படத்தில் 1 செ.மீ.தான். ஜெராக்ஸ் கடையில் ஒட்டிய தாளை 50 சதவீத அளவுக்குக் குறைத்து, அதை மறுபடி 34 சதவீத அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்கள், சரியாக வரும். அதைப் படத்துக்கு அடியில் வைத்து ஜன்னல் கண்ணாடியில் பிடித்து நகலெடுங்கள். கொசுவத்தில் மாங்காய் முழுசாகத் தெரியாது, மடிப்புக்கு மடிப்பு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டுகளும் பார்க்க நன்றாக இருக்கிறதா?

சேலையில் இன்னொரு சங்கதி. இடுப்பைச் சுற்றும்போது துணியின் அகலம்தான் உயரம், முந்தானை தொங்கும்போது நீளம் உயரமாகிவிடும். அதனால் பாவாடைப் பகுதியில் நிமிர்ந்து நிற்கும் மாங்காய் முந்தானையில் படுத்துவிடும். காய்களை எல்லாத் திசைக்கும் திருப்பி இறைத்து வரைந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தையல் கடைக்கும் நிம்மதி. ஒரே திசை டிசைன் என்றால், "அரை மீட்டர் கூட எடுத்திருக்கலாமே அக்கா" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

படத்தில் சரியாக வந்த பிறகு ஒரு டிசைன் தாளை மட்டும் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, டிஜிட்டல் பிரிண்ட் போடுபவர்களிடம் பருத்தித் துணியில் ஒரு மீட்டர் மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள். நிறத்தைப் பற்றி அவர்களிடம் பேசுவதற்கு முன்னால் அந்தத் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள்.