வீட்டிலிருந்தே வருமானம்: எந்த வேலையில் மணிக்கு எவ்வளவு நிற்கும்?

"மாசம் 20,000 வருது" என்று யாராவது சொன்னால், அது வரவா லாபமா என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்த வித்தியாசமே தெரியாது. மாவு விற்று 20,000 வந்தால் அதில் 14,000 அரிசிக்கும் உளுந்துக்கும் போயிருக்கும்.

வீட்டு வேலைகளுக்கு நடுவே செய்யக்கூடிய தொழில்களை ஒப்பிட உருப்படியான அளவுகோல் ஒன்றுதான்: செலவு போக, ஒரு மணி நேரத்துக்குக் கையில் எவ்வளவு நிற்கிறது. வரவிலிருந்து பொருள், கரண்ட், பேக்கிங், ஆட்டோ, கெட்டுப்போனது எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை அந்த வேலைக்குச் செலவான மொத்த நேரத்தால் வகுங்கள். மெஷினில் உட்கார்ந்த நேரம் மட்டும் மொத்த நேரம் ஆகாது. நூல் வாங்கக் கடைக்குப் போனது, வாட்ஸ்அப்பில் விலை சொன்னது, கிரைண்டர் கழுவியது எல்லாமே சேர்த்தி.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. வேலையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக முடியுமா? காசு கைக்கு எப்போது வரும்? "நமக்கு வசதிப்பட்ட நேரத்தில் செய்யலாம்" என்று சொல்லப்படும் பல வேலைகளில் நேரத்தை முடிவு செய்வது நாம் அல்ல, வாடிக்கையாளர்தான். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரிகள். உங்கள் ஊர் விலையை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

தையல்

கை பழகியவருக்கு ஒரு லைனிங் பிளவுஸ் வெட்ட அரை மணி, தைக்க ஒன்றே முக்கால் மணி, ஹூக் கட்டி ஹெம்மிங் செய்ய அரை மணி, அளவு எடுத்துப் பேசிக் கொடுக்கக் கால் மணி. ஆக மூன்று மணி நேரம். கூலி 300 ரூபாய், லைனிங் துணியை வாடிக்கையாளரே கொடுக்கிறார், நூல், ஹூக், கேன்வாஸ் 15 ரூபாய் என்றால் மணிக்கு 95 ரூபாய். அதே 300-க்குள் லைனிங் துணியும் நீங்களே 60 ரூபாய்க்கு வாங்கிப் போட்டால் மணிக்கு 75. அதனால் கூலியைச் சொல்லும்போதே லைனிங் யாருடையது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சாதா பிளவுஸ் ஒன்றேகால் மணியில் முடியும். 150 ரூபாய் கூலியில் மணிக்கு 110-க்கு மேல் நிற்கும். ஆல்டரேஷன்தான் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது: பக்கவாட்டைப் பிரித்துத் தைக்கக் கால் மணி, கூலி 40 ரூபாய். தையல்காரர்கள் பலர் "அந்தச் சில்லறை வேலை வேண்டாம்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் மணிக்கணக்கில் பார்த்தால் வீட்டுத் தையலில் அதிகம் தருவது அந்தச் சில்லறை வேலைதான். ஃபால்ஸ் கையால் தைப்பதில் மணிக்கு 70 ரூபாய் அளவுக்குத்தான் வரும். ஆனாலும் குழந்தை பக்கத்தில் விளையாடும்போது செய்யலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் அதே சிலதான். லைனிங் துணியையும் ஃபால்ஸையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடாமல் வெட்டினால், முதல் துவையலில் சுருங்கி மேல் துணியை இழுக்கும். பழி தைத்தவர் மேல்தான் வரும். வாய்ச்சொல் அளவை நம்பாமல் அளவு பிளவுஸை வாங்கி, "இது இப்போது சரியாக இருக்கிறதா, எங்கே பிடிக்கிறது" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் தைத்ததைக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் நிறைய. உள்ளே இரண்டு பக்கமும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைத்தால், பிறகு பிரித்துவிட முடியும். பட்டுத் துணிக்கு மெல்லிய 11-ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். மழுங்கிய ஊசி இழையை இழுத்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. வரும் துணியை உடனே போட்டோ எடுத்து, பெயர், தேதி எழுதிய சீட்டைப் பின் குத்தி வையுங்கள்.

காசு விஷயம்: பாதி முன்பணம் வாங்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஆர்டரை நிறுத்திவிட வேண்டும். கடைசி வாரத்தில் வாங்கும் ஆர்டரில்தான் அளவு தவறும், தூக்கம் கெடும், வாடிக்கையாளரும் போவார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண பிளவுஸ் குறையும். அந்த மாதங்களில் நைட்டி, பள்ளி யூனிஃபார்ம், ஆல்டரேஷன் ஓட்டும்.

வீட்டில் தைப்பவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று: தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிந்துகொண்டால் பிள்ளைகளின் கல்வி உதவி, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். மெஷின் வாங்கவே வழியில்லாத, கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட பெண்களுக்குச் சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவச தையல் இயந்திரத் திட்டம் உண்டு. அதற்குத் தையல் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும்.

இட்லி மாவு

பார்க்க எளிது. லாபம் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இறங்குபவர்கள் அதிகம் இருப்பதும் இதில்தான்.

தினம் 10 கிலோ இட்லி அரிசி, இரண்டரை கிலோ உளுந்து என்று வைத்துக்கொள்வோம். அரிசி கிலோ 50 என்றால் 500, உளுந்து கிலோ 140 என்றால் 350, வெந்தயம், உப்பு 30, கவர் 60, கரண்ட், தண்ணீர் 40. மொத்தம் 980 ரூபாய். கையில் வருவது சுமார் 30 கிலோ மாவு. ஊறவைப்பதை விட்டுவிட்டால் கழுவ, அரைக்க, பேக் செய்ய, சுத்தம் செய்ய நாலரை மணி ஆகும். தெருவிலும் அபார்ட்மென்ட்டிலும் கிலோ 45-க்கு நேரடியாக விற்றால் வரவு 1,350, நிற்பது 370, மணிக்கு 82 ரூபாய். அதே மாவை மளிகைக் கடைக்கு 37-க்குப் போட்டால் வரவு 1,110, நிற்பது 130, மணிக்கு 29 ரூபாய். கடைக்காரர் மூன்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் அன்றைய லாபம் 19 ரூபாய். ஆகவே முதல் 20, 30 வீடுகளைப் பிடித்துவிட்டுப் பெரிய கிரைண்டருக்குப் பணம் போடுங்கள். கிரைண்டரை வாங்கிவிட்டு வீடு தேடினால், கடைக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதாகிவிடும்.

வீட்டில் வைத்திருக்கும் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இந்த அளவுக்கு ஓடாது. மோட்டார் சூடாகும், மாவும் சூடாகும். சூடான உளுந்து மாவு பொங்கிவராது, சீக்கிரம் புளிக்கும். உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து 25, 30 நிமிடம் அரைக்க வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் எடை கூடும், இட்லி தட்டையாகும், வாடிக்கையாளர் மறுவாரம் வரமாட்டார்.

மாவைப் புளிக்கவிடாமல், அரைத்தவுடன் பேக் செய்து குளிரில் வைத்து விற்பதே பாதுகாப்பு. வீட்டில் எத்தனை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும் என்று கவரிலேயே எழுதுங்கள்: வெயில் காலத்தில் 5, 6 மணி, மழை நாளில் 10 மணிகூட ஆகும். புளிக்கும்போது வாயு வருவதால் கவரை முழுக்க நிரப்பி ஒட்டினால் உப்பி வெடிக்கும். கால் பங்கு இடம் விடுங்கள். தண்ணீர்தான் பெரிய அபாயம். மாவை வாடிக்கையாளர் வேகவைப்பார் என்ற தைரியத்தில் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

உணவு விற்றால், வீட்டிலிருந்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் சிறு தயாரிப்பாளருக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கவரில் அச்சிட வேண்டும். பெரிய கிரைண்டர் ஓட்டுவதற்கு வீட்டு இணைப்பே போதுமா, வேறு கட்டண வகையா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தினால் பின்னால் அபராதம் வரலாம்.

இந்த வேலையில் நேரம் உங்கள் கையில் இல்லை. ஊறவைத்துவிட்டால் அரைத்தே ஆகவேண்டும், அரைத்தால் விற்றே ஆகவேண்டும். காய்ச்சல் என்று இரண்டு நாள் நிறுத்தினால் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆனால் காசு அன்றன்றே கைக்கு வரும். அதுதான் இதன் பெரிய பலம்.

ட்யூஷன்

எட்டுப் பிள்ளைகள், தலைக்கு 500 ரூபாய், நாளுக்கு இரண்டு மணி நேரம், மாதம் 24 நாள். 4,000-ஐ 48-ஆல் வகுத்தால் மணிக்கு 83. முதலீடு ஒரு பலகையும் பாயும்தான். சிக்கல் நேரத்தில் இருக்கிறது: மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை நகர முடியாது, அதுவே வீட்டில் சமையல் நேரம். ஒன்றாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்தால் இரண்டுமே படிக்காது. 3 முதல் 5, அல்லது 6 முதல் 8 என்று ஒரு கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டணத்தை மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள். மே மாதம் வருமானம் இல்லை என்பதை முதலிலேயே கணக்கில் வையுங்கள். பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் தனியாக ட்யூஷன் எடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது.

பீஸ் ரேட் வேலைகள்

செய்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் வேலைகள் இவை: திருப்பூர்ப் பக்கம் பனியனில் நூல் பிசிறு வெட்டுவது, தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுவது, பட்டுச் சேலைக்குக் குஞ்சம் கட்டுவது, பூ கட்டுவது. இவற்றில் எப்போது வேண்டுமானாலும் எழலாம், எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம். அந்தச் சௌகரியத்துக்கான விலையைக் கூலியில் பிடித்துவிடுகிறார்கள். ஒப்புக்கொள்வதற்கு முன் முதல் 20 பீஸைக் கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள். பீஸுக்கு 50 பைசா, மணிக்கு 50 பீஸ் என்றால் 25 ரூபாய். பழகியபின் 80 பீஸ் ஆனாலும் 40 ரூபாய்தான். எண்ணிக்கையைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "இத்தனை பீஸ் டேமேஜ்" என்று கழிப்பது இங்கே வழக்கம். பீடித் தொழிலாளருக்கு அடையாள அட்டையும் வருங்கால வைப்பு நிதியும் உண்டு. ஆகவே ஒருவரின் அட்டையில் இன்னொருவர் சுற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கம்ப்யூட்டர் வேலைகள்

மணிக்கணக்கில் மேலே நிற்பது மொழிபெயர்ப்பும் எழுத்துப் பணியும். சொல்லுக்கு ஒரு ரூபாய், திருத்தத்தோடு சேர்த்து மணிக்கு 250 சொல் என்றால் 250 ரூபாய். ஆனால் வேலை தினமும் வராது, பணம் பில் கொடுத்து 30, 45 நாள் கழித்து வரும். கம்ப்யூட்டர் கருவி மொழிபெயர்த்ததைத் திருத்தித் தரும் வேலை இப்போது அதிகம். அதற்குப் பாதிக் கூலி சொல்வார்கள்; கருவி தந்தது மோசமாக இருந்தால் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒரு பக்கத்தைத் திருத்திப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள். 300 சொல் வரை சோதனைக்கு இலவசமாகச் செய்யலாம். ஆயிரம் சொல்லைச் "சோதனை" என்று கேட்பவர், உங்களைப் போல நாலு பேரிடம் கேட்டு முழு வேலையையும் இலவசமாக முடிக்கிறார் என்று அர்த்தம். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகாமல் இந்தத் துறைக்கு வராதீர்கள்.

இளம்பிள்ளையிலிருந்தோ சூரத்திலிருந்தோ வரும் சேலைப் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டு விற்பதற்கு முதலீடு வேண்டாம் என்பது உண்மை. சேலைக்கு 100 ரூபாய் வைத்து விற்க எத்தனை பேருக்கு எத்தனை முறை பதில் சொல்கிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். நிறம் மாறி வந்த ஒரு சேலையைத் திருப்பி அனுப்பும் கூரியர் செலவு மூன்று சேலையின் லாபத்தைத் தின்னும். ரிட்டர்ன் கிடையாது என்று சொல்லும் மொத்த வியாபாரியிடம் வாங்கி, ரிட்டர்ன் உண்டு என்று விற்காதீர்கள்.

பணம் கேட்கும் வேலைகள்

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்டால் அது வேலை அல்ல. இதற்கு விதிவிலக்கு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பிரபல கம்பெனியின் பெயரில் "வீட்டில் பென்சில் பேக்கிங், மாசம் 30,000" என்று வரும் விளம்பரம் அடையாள அட்டைக்கு, பிறகு பார்சலுக்கு என்று படிப்படியாகக் காசு பிடுங்கும். பென்சில் வரவே வராது. டேட்டா என்ட்ரியில் வேறு தினுசு: பத்து நாள் தட்டச்சு செய்தபின் "துல்லியம் போதவில்லை, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள். டெலிகிராமில் ஓட்டலுக்கு ஸ்டார் போடும் "டாஸ்க்"கில் முதலில் 150, 200 ரூபாய் நிஜமாகவே வரும்; அது தூண்டில் புழு. அடுத்து 5,000 கட்டினால் 7,000 என்பார்கள்.

மெஷின் வாங்கினால் "பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற விளக்குத்திரி, ஊதுவத்தி ஒப்பந்தங்களில் மெஷின் விற்பதுதான் அவர்கள் தொழில். இரண்டாவது லோடில் தரம் சரியில்லை என்று தள்ளுவார்கள். பெருந்துறையில் 2012-இல் சரிந்த ஈமு கோழித் திட்டமும் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்ற வாக்கை நம்பித்தான் ஓடியது. மெஷின் வாங்குவதற்கு முன், அந்தப் பொருளை வேறு இரண்டு கடைகள் என்ன விலைக்கு எடுக்கும் என்று நேரில் போய் விசாரியுங்கள்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்திலேயே இலவசம். அதற்கு 2,000 ரூபாய் கேட்பது போலித் தளம். உங்கள் வங்கிக் கணக்கையோ ஏ.டி.எம். கார்டையோ "கமிஷனுக்கு" யாருக்கும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் புகார் பதிவானால்தான் அதை முடக்க வாய்ப்பு உண்டு. யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் எண், அரட்டையின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.