பழைய ஈகோஸ்போர்ட் மேனுவல் காரை இரண்டு லட்சம் கி.மீ. தாண்டி ஓட வைப்பது எப்படி?

ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013 முதல் 2022 வரை மறைமலை நகர் ஆலையில் தயாரானது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததும், பார்ட்ஸ் கிடைக்காதோ என்ற பயத்தில் நல்ல வண்டிகளைக்கூடப் பலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல. இந்த வண்டியில் இரும்பு சீக்கிரம் தேய்வதில்லை. ரப்பரும் எண்ணெயும்தான் வண்டியைப் படுக்க வைக்கின்றன. இரண்டுமே ஓடிய தூரத்தால் மட்டுமின்றி வயதாலும் கெடுபவை. ஒன்பது வருடத்தில் 40,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டிக்கும் பெல்ட், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் ஒன்பது வயதானவைதான்.

கிளட்ச்: முதலில் பார்க்க வேண்டியது

ஈகோஸ்போர்ட்டின் கிளட்ச் ஹைட்ராலிக். பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தம் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு (கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் உறுப்பு) போகிறது. ரிலீஸ் பேரிங்கும் அதோடு ஒட்டியே வருகிறது. இது கியர் பாக்ஸ் உள்ளே இருப்பதால், ஒரு சின்ன சீல் கசிந்தாலும் கியர் பாக்ஸை இறக்காமல் வேலை நடக்காது. எனவே கிளட்ச் பிளேட் மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ஸ்லேவ் சிலிண்டர் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். சிலிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டால், ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். கசியும் ஆயில் புது பிளேட்டையும் நனைத்துக் கெடுத்துவிடும்.

கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒன்றுதான். கிளட்ச் குழாய் டப்பாவின் பக்கவாட்டில் சற்று மேலே இருந்து புறப்படுகிறது. அதனால் கிளட்ச் கசிந்தால் முதலில் கிளட்ச்தான் போகும், பிரேக்குக்கு ஆயில் மிஞ்சும். பிரேக் பேட் தேயாமலே டப்பாவில் ஆயில் இறங்கினால் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லியதாக, தண்ணீர் போல, வெளிர் மஞ்சளில் இருந்தால் பிரேக் ஆயில். கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், மெக்கானிக்கிடம் பாதிப் பேச்சு முடிந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சிலிண்டரின் உட்சுவரை அரிக்கும், சீலைத் தின்னும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 ஆயில் ஒரு லிட்டர் வாங்கி, நான்கு சக்கரங்களோடு கிளட்ச் நிப்பிளிலும் பிளீட் செய்யச் சொல்லுங்கள் (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்புவது). பல ஒர்க்‌ஷாப்களில் சக்கரத்தோடு நிறுத்திவிடுவார்கள். கிளட்ச் குழாயில் பழைய கருத்த ஆயில் அப்படியே கிடக்கும்.

கியர் விழ மறுத்தால்

இங்கேதான் தேவையில்லாமல் கியர் பாக்ஸைப் பிரித்துப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பிரிப்பதற்கு முன் இப்படிச் சோதியுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுகிறது, ஆனால் இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடுவதில்லை. ஆயில் அளவு, காற்றுக் குமிழி, ஸ்லேவ் சிலிண்டர் என்ற வரிசையில் தேடுங்கள். பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் செய்தவுடன் கியர் சரியாக விழுந்தால் குழாயில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

இன்ஜின் அணைந்திருந்தும் கடினமாக இருந்தால், கியர் லிவரைப் பாக்ஸோடு இணைக்கும் கேபிள் அல்லது லிங்கேஜில் கோளாறு. கியர் பாக்ஸ் மேலே கேபிளின் நுனியில் உள்ள பிளாஸ்டிக் மூட்டு தேய்ந்தால் கியர் லிவர் தளர்ந்து ஆடும். அது கழன்றுவிட்டால் லிவரை எங்கே தள்ளினாலும் கியர் மாறாது. பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி இரண்டையும் எடுத்தால் கைக்கு எட்டும் வேலை இது.

மற்ற கியர்கள் எல்லாம் சரி, இரண்டாவது மட்டும் கரகரக்கிறது என்றால், கியர் விழும்முன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. கியர் ஆயில் மாற்றிப் பார்த்த பிறகே பாக்ஸைத் திறக்கும் முடிவுக்கு வாருங்கள்.

பிளேட் தேய்மானத்துக்குத் தனிச் சோதனை: காலியான மேட்டுச் சாலையில் மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் பிளேட் முடிந்தது. ஓட்டும்போது இடது காலை பெடல் மேல் வைத்திருப்பதும், மேட்டில் அரை கிளட்ச்சில் வண்டியைத் தாங்கி நிற்பதும் பிளேட்டின் ஆயுளைப் பாதியாக்கும். மேட்டில் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள்; அது அதற்காகத்தான் இருக்கிறது.

கியர் ஆயில் வாழ்நாள் முழுக்கத் தாங்கும் என்பதை நம்ப வேண்டாம். 60,000 முதல் 80,000 கி.மீ.க்குள் ஒருமுறை மாற்றுங்கள். முதலில் ஊற்றும் மூடியைத் திறந்த பின்பே வடிக்கும் மூடியைத் தொட வேண்டும். ஆயிலை வடித்த பிறகு மேல் மூடி இறுகிப் போயிருந்தால் வண்டி அங்கேயே நிற்கும். தொடக்க கால 1.5 லிட்டர் பெட்ரோலில் வரும் ஐபி5 (IB5) ரக கியர் பாக்ஸுக்கு ஃபோர்டு சொல்வது டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி200-டி2 தரத்திலுள்ள 75 டபிள்யூ ஆயில். மற்ற வண்டிகளுக்கு ஓனர்ஸ் மேனுவலில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். லாரிக்கு ஊற்றும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 வேண்டவே வேண்டாம். அது கெட்டி; அதன் ரசாயனம் பித்தளை சின்க்ரோ ரிங்குக்கு ஆகாது. மூன்று லிட்டர் வாங்கி வைத்து, சமதளத்தில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும் வரை ஊற்றினால் போதும். அந்தச் சமயத்தில் ஆக்சில் சீல் இரண்டையும் தடவிப் பாருங்கள். அங்கே மெல்லக் கசிந்துதான் பாக்ஸ் வறண்டு பேரிங் போகிறது.

டைமிங் பெல்ட்: எந்த இன்ஜின் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட். 1.5 நான்கு சிலிண்டர் பெட்ரோலிலும் 1.5 டீசலிலும் அது ஆயில் படாமல் ஓடும் உலர் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், ஹெட் வேலை வரும். எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அப்போது டென்ஷனரோடு (பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் உருளை) மாற்றிவிடுங்கள். இது கம்பெனி கணக்கைவிட முந்தியது. நம் ஊர் வெயிலுக்கு அதுவே பாதுகாப்பு. டீசலில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் சுற்றுவதால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

1.5 நான்கு சிலிண்டர் பெட்ரோலிலும் 1.0 ஈகோபூஸ்ட்டிலும் (டர்போ பெட்ரோல்) கிராங்க் புல்லியைச் சரியான இடத்தில் நிறுத்த, பள்ளத்தில் பொருந்தும் சிறு உலோகத் துண்டு (கீ) இல்லை. போல்ட்டின் இறுக்கமே அதைப் பிடித்திருக்கிறது. இன்ஜினை அசையாமல் பூட்டும் டைமிங் லாக் டூல் இல்லாமல், பெயிண்ட் குறி வைத்துப் பிரிக்கும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கிராங்க் போல்ட்டும் புதிதாகத்தான் போட வேண்டும்.

1.0 ஈகோபூஸ்ட்டிலும், 2017 நவம்பரில் வந்த மூன்று சிலிண்டர் 1.5 பெட்ரோலிலும் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. ஆயில் பழசானாலோ, பெட்ரோல் கலந்து நீர்த்தாலோ ரப்பர் ஊறி உதிரும். அந்தத் துகள் ஆயில் பம்பின் வலையை அடைத்தால் அழுத்தம் விழுந்து இன்ஜின் முழுதாகப் போகும். எனவே மேனுவல் சொல்லும் தரக்குறியீட்டிலுள்ள ஆயில் மட்டும், 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடத்தில். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். கருப்பு ரப்பர் நார் தெரிந்தால் இன்ஜின் அடியில் உள்ள ஆயில் பானை (oil pan) கழற்றி வலையைப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம். ஆயில் அழுத்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். வீடு வரை ஓட்டலாம் என்ற நினைப்பு வேண்டாம்.

கூலண்ட் ஹோஸ்களிலும் தெர்மோஸ்டாட் பெட்டியிலும் பிளாஸ்டிக் அதிகம், வெப்பத்தில் விரிசல் விடும். வாரம் ஒருமுறை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டப்பாவின் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால், மூட்டுகளில் படியும் வெளிர் பொடித் தடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேனுவல் சொல்லும் கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி.

முன்பக்கம் சின்னக் குழியிலும் கடகடத்தால் ஸ்டெபிலைசர் லிங்க், பிரேக் அடிக்கும்போது தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். இரண்டும் பெரிய செலவில்லை. எச்சரிக்கை விளக்குகளின் கோடைப் படிக்க ஃபோன், காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் புளூடூத் ஓபிடி அடாப்டர், ஃபோர்ஸ்கேன் செயலி இருந்தால் போதும்.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி வருடம் முழுக்க வெயிலில் காய்கிறது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஓடவே ஓடாத டயராக இருந்தாலும் எட்டு வருடம் தாண்டியதை நெடுஞ்சாலையில் நம்ப வேண்டாம். அந்தச் சக்கரத்தின் எடை முழுவதையும் கதவின் கீல்கள்தான் தாங்குகின்றன. கதவைத் திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீல் போல்ட்டை இறுக்குங்கள், இல்லையென்றால் கதவு இறங்கி ரப்பர் பீடிங் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே வரும்.