'பிரிகோஷஸ்' வேரைப் பிடிப்பது எப்படி?

வயசுக்கு மீறிய அறிவோடு பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் 'பிரிகோஷஸ்' (precocious) என்பார்கள். வேரைத் தேடும்போது இன்றைய பொருளை ஓரமாக வைத்துவிட்டு, பழைய பொருளிலிருந்து தொடங்குங்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, பருவத்துக்கு முன்னே பூக்கிற, பழுக்கிற செடிகொடிகளைத்தான் இது குறித்தது. கோவிந்தாபுரம் எல்லையைத் தாண்டினால், பாலக்காட்டு மாந்தோப்பு ஊரான முதலமடை. மற்ற ஊர்களை முந்திக்கொண்டு சந்தைக்கு வரும் அந்த ஊர் மாங்காய்க்கு இந்தச் சொல் அச்சாகப் பொருந்தும். நம் 'பிஞ்சிலே பழுத்தது' அதே தோட்டத்துப் பேச்சு, கொஞ்சம் கண்டிப்போடு.

பிறகு சொல்லைப் பிரியுங்கள். கடைசி 'அஸ்' வெறும் விகுதி, தள்ளிவிடலாம். மிச்சம் லத்தீன் 'ப்ரைகாக்ஸ்'. 'ப்ரை' என்றால் முன். 'கோக்வெரே' என்றால் சமைத்தல், பழுக்கவைத்தல். (ஆப்ரிகாட் பழத்தின் பெயரும் இதே சொல்தான், அரபி வழியாகச் சுற்றி வந்தது.) அடுப்புக்கும் மரத்துக்கும் ஒரே வினையா என்று திகைக்க வேண்டாம். குழம்புக்கும் பக்குவம், பழத்துக்கும் பக்குவம் என்றுதானே நாமும் சொல்கிறோம்?

அந்தப் 'பக்குவம்' சமஸ்கிருத 'பக்வ'. பொருள் ஒத்துப்போகிறது என்பதற்காக உடனே உறவு கட்டிவிடாதீர்கள். அங்கே முதலெழுத்து 'ப', லத்தீனில் 'க'. இதே மாற்றம் இன்னொரு சொல்லிலும் நடந்திருக்க வேண்டும். நடந்திருக்கிறது: ஐந்துக்குச் சமஸ்கிருதம் 'பஞ்ச', லத்தீன் 'க்வின்க்வே'. பின்னால் 'க்வ' வந்தால் முன்னால் இருக்கும் 'ப'வையும் லத்தீன் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கிரேக்கம் இழுக்கவில்லை, வயிற்றுப்புண்ணைச் சொல்லும் 'பெப்டிக் அல்சர்' என்பதில் (சமைத்தல், செரித்தல் என்ற கிரேக்க வினையிலிருந்து வந்தது) அந்தப் 'ப' அப்படியே நிற்கிறது. இந்தச் சோதனையில் தேறினால்தான் உறவு. 'பக்கா'வும் இதே குடும்பம். இந்தி வழியாக ஆங்கிலத்துக்கும் போய், 1886இல் ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியில் ஏறிவிட்டது.

'பழு'வையும் 'ப'வில் தொடங்குகிறதே என்று சேர்த்துவிடுவார்கள். தவறு. அது திராவிடச் சொல். மலையாளத்தில் 'பழுக்குக', தெலுங்கில் 'பண்டு'. பர்ரோ-எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பகராதியில் (2ஆம் பதிப்பு, 1984) பார்த்துக்கொள்ளலாம்.

பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு குழி இருக்கிறது. உப்பும் வேக்காடும் சரியாக வந்தால் மலையாளத்தில் 'பாகம்'. பங்கு, பகுதி என்றாலும் 'பாகம்'. முன்னது 'பக்வ'வின் உறவு, பின்னதற்குச் சம்பந்தமே இல்லை. தமிழில் எழுதினால் வித்தியாசம் தெரியாது. மலையாள எழுத்தில் முதலெழுத்தே வேறு: முன்னது പാകം, பின்னது ഭാഗം. அதனால் ஹெர்மன் குண்டர்ட்டின் 1872 மலையாள-ஆங்கில அகராதியில் மலையாள எழுத்தைப் பார்த்துத் தேடுங்கள்.