வேகத்தில் துள்ளும் சிறிய ஜெட் படகு: சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெதுவாகச் செல்லும்போது ஒழுங்காக இருக்கும் ஜெட் படகு (பம்பால் நீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் படகு), பயண வேகத்தை எட்டியதும் அலையற்ற நீரிலும் அணியத்தை, அதாவது முன்பகுதியை, தூக்கித் தூக்கிப் போடத் தொடங்கினால், பலர் முதலில் இன்ஜினைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஒவ்வொரு துள்ளலிலும் அடிப்பாகம் நீரை விட்டு எழும்பும்போது ஜெட்டின் உறிஞ்சுவாய் தண்ணீரோடு காற்றையும் விழுங்குவதால், சுமை குறைந்த இன்ஜின் ஒரு கணம் உறுமுகிறது. அந்த உறுமல் துள்ளலின் விளைவே தவிர காரணம் அன்று. அதைக் கேட்டு, பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றியவருக்கு மிஞ்சுவது புதிய இம்பெல்லரும் பழைய துள்ளலும்தான்.

வேகமெடுத்து நீரின் மேல் வழுக்கி ஓடும் படகின் எடையைப் பெரும்பாலும் அதன் அடிப்பரப்பில் உண்டாகும் தூக்குவிசையே தாங்குகிறது. அணியம் அளவுக்கு மேல் நிமிர்ந்தால் நீரைத் தொடும் பரப்பு பின்பக்கமாகச் சுருங்குகிறது. தாங்கல் போன அணியம் கீழே விழுகிறது. விழுந்ததும் பரப்பு கூடி மறுபடியும் மேலே தூக்கப்படுகிறது. படகின் சாய்வுக் கோணம் எந்த எல்லையைத் தாண்டினால் இந்த ஊசலாட்டம் தொடங்கும் என்பதை, வழுக்கி ஓடும் படகுகளைப் பற்றி 1964இல் டேனியல் சாவிட்ஸ்கி வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை வரைபடமாகவே தருகிறது. நாம் குறைக்க வேண்டியது அந்தக் கோணத்தை.

எடையைப் பார்க்காமலேயே உதிரிபாகம் வாங்கக் கிளம்புவது எல்லாவற்றிலும் வீண்செலவான தவறு. ஜெட் படகில் இன்ஜினும் பம்பும் பின்பக்கமே இருக்கின்றன. பேட்டரியும் எரிபொருள் தொட்டியும் அங்கேயே அமைந்துவிட்டால் பின்புறம் அமுங்காமல் என்ன செய்யும்? 20 லிட்டர் கேன்கள் இரண்டில் தண்ணீர் நிரப்பி, அதாவது 40 கிலோவை, முதலில் பின்புறமும் பிறகு அணியத்திலும் வைத்து அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். முன்னால் வைத்ததும் துள்ளல் அடங்கினால் பாதி விடை கிடைத்துவிட்டது. பேட்டரியை முன்னால் நகர்த்துபவர்கள் நீளும் கேபிளைத் தடிமனாகவும் போட வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட்டருக்குப் போதிய மின்னழுத்தம் போய்ச் சேராது. பழைய படகானால் தரைக்கு அடியிலுள்ள ஃபோம் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கக்கூடும்; வெளியில் தெரியாத அந்த எடையை எடைமேடைதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து நாசில், அதாவது நீர்த்தாரை வெளியேறும் குழாய்முனை. நீர்த்தாரை சற்றே மேல்நோக்கிப் பாய்ந்தால் எதிர்விசை பின்புறத்தை அமுக்கி அணியத்தை நிமிர்த்தும். கீழ்நோக்கிப் பாய்ந்தால் பின்புறம் எழும்பும். நாசிலின் கோணத்தை மாற்றும் வசதி இருந்தும் அதன் கேபிள் தளர்ந்திருப்பதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது. பின்னோக்கிச் செல்வதற்காகத் தாரையைத் திருப்பிவிடும் ரிவர்ஸ் பக்கெட் முழுவதும் மேலேறித் தாரையை விட்டு விலகி நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடிப்பாகத்தைக் கண்ணால் பார்த்து ‘நேராகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. படகைக் கரையேற்றி, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைப் பின்விளிம்பிலிருந்து முன்னோக்கி அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். சட்டத்தின் இரு முனைகளும் தொட்டு நடுவில் வெளிச்சம் கசிந்தால் அடிப்பாகம் உட்குழிந்துள்ளது; டிரெய்லரின் தாங்குகட்டைகள் பின்விளிம்பு வரை எட்டாவிட்டால் இப்படி ஆகும், இது அணியத்தைக் கீழே தள்ளும். சட்டம் நடுவில் மட்டும் தொட்டு, சீசா பலகையைப் போல் முனைகள் ஏறி இறங்கி ஆடினால் அடிப்பாகம் வெளிப்புறம் புடைத்துள்ளது. துள்ளலுக்குப் பேர்போன குறை இதுதான், சில மில்லிமீட்டர் புடைப்பே போதும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் துள்ளினால் மட்டுமே பின்புறத்தைத் தூக்கிவிட, பின்விளிம்பின் கீழ் ஆப்பு வடிவத் தகடு பொருத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 20 செ.மீ. நீளத் தகட்டின் பின்முனை மூன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்தாலே ஒரு டிகிரி ஆகிவிடும், அங்கிருந்து தொடங்குங்கள். உறிஞ்சுவாய்க்கு முன்னால் எந்தத் தகட்டையும் சென்சாரையும் பொருத்தாதீர்கள். அது கிளப்பும் காற்றுக்குமிழிகள் நேராகப் பம்புக்குள் போகும்.

அணியத்தை அளவுக்கு மேல் தாழ்த்துவது துள்ளலைவிட ஆபத்தானது. தாழ்ந்த அணியம் நீரைக் குத்திப் படகைத் தன் போக்கில் இழுக்கும். பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டால் தாரை நின்று ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. ஆகவே ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, துள்ளல் தொடங்கும் வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியிருக்கும்போது ஒரு முறை, ஏறக்குறைய காலியானபின் ஒரு முறை என இரண்டு ஓட்டங்கள் வேண்டும். 50 லிட்டர் பெட்ரோல் சுமார் 37 கிலோ, நீங்கள் கேனில் ஏற்றி இறக்கிய எடைக்கு அது அதிகம் குறைந்ததன்று.