விவிலியம் நம்பத்தக்கதா? வாசிப்பு வட்டத்துக்கு ஒரு வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை வாசிப்பு வட்டங்களில் இந்தப் பேச்சு எழுந்தால் பெரும்பாலும் சத்தம்தான் மிஞ்சும். மூன்று கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் காரணம். எழுதியது அப்படியே நம் கைக்கு வந்ததா? எழுதியவருக்குச் செய்தி எங்கிருந்து கிடைத்தது? சொன்னது நடந்ததா? ஒரு கேள்விக்கு ஓர் அமர்வு வையுங்கள். பரிசுத்த வேதாகமம் என்ற பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் ஒன்று, ஒரு நோட்டு போதும்.

முதலில் பாடம், அதாவது நூலின் சொற்கள். 1 யோவான் 5:7ஐ இரண்டிலும் உரக்க வாசியுங்கள். பழையதில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவர் பரலோகத்தில் சாட்சியிடுவார்கள். புதியதில் அந்த வரி இல்லை. பழைய கிரேக்கச் சுவடிகளிலும் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் 1516 பதிப்பில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு வந்தபின் 1522இல் சேர்த்தார். அடுத்து மாற்கு 16:9-20. 4ஆம் நூற்றாண்டுச் சுவடிகளான சினாய், வத்திக்கான் இரண்டிலும் இது கிடையாது. 16:8இலேயே நிறுத்திப் பாருங்கள்: கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயந்து ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உயிர்த்த இயேசு யாருக்கும் காட்சி தராமலே நூல் முடிந்துவிடுகிறது. ஐயப்படுகிறவர்களின் வலுவான சான்றுகளில் ஒன்று இது.

இருதரப்பும் சறுக்குவது எண்ணிக்கையில்தான். லட்சக்கணக்கில் பாடபேதம் (சுவடிக்குச் சுவடி சொல் மாறுவது) என்பது உண்மை, ஆனால் பெரும்பாலானவை எழுத்துப்பிழையும் சொல்வரிசையும். 5,000க்கு மேல் கிரேக்கச் சுவடிகள் உண்டு என்ற பதிலோ படியெடுத்தவரின் நேர்மைக்குத்தான் சாட்சி, நடந்த நிகழ்ச்சிக்கு அல்ல.

இரண்டாவது மூலம். மாற்கு 13:14, மத்தேயு 24:15 இரண்டையும் அருகருகே வையுங்கள். இயேசு வாயால் பேசிக்கொண்டிருக்கிறார். நடுவே இரண்டிலும் "வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்" என்று வருகிறது. ஒருவர் எழுத்தை மற்றவர் பார்த்து எழுதாமல் இது எளிதில் அமையாது. மாற்கே முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றிய வரவை நகரத்தார் கணக்கில் இரண்டு வரவாக எண்ணமாட்டார்கள். ஒத்துப்போகும் இடங்களை இரண்டு சாட்சி என்று நீங்களும் எண்ணாதீர்கள்.

மூன்றாவதுதான் கடினம். மத்தேயு 2இன்படி இயேசு பிறந்தது ஏரோது மன்னன் காலத்தில். அவன் இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் கணக்கு. இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா 2:2 சொல்லும், சீரியாவின் ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) கி.பி. 6இல் நடந்தது. சிரேனியு முன்பும் ஒருமுறை ஆண்டார் என்று பதில் வரும். அதையும் எழுதிக்கொண்டு, விவிலியத்துக்கு வெளியே சான்று என்ன என்று கேளுங்கள். யூதாஸின் சாவில் தூக்கிட்டுக்கொண்டான் என்கிறது மத்தேயு 27:5, விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் 1:18; கயிறு அறுந்து விழுந்தான் என்று இரண்டையும் இணைத்துவிடலாம். காட்டிக்கொடுத்த கூலியில் நிலத்தை வாங்கியது ஆசாரியர்களா, யூதாஸா என்பதை இணைப்பது அவ்வளவு சுலபமில்லை. நேரத்தை அதற்குச் செலவிடுங்கள்.

ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் 325இல் விவிலிய நூல்களைப் பொறுக்கியெடுத்தது என்று யாராவது சொன்னால் நோட்டில் ஏற்றாதீர்கள். அந்தச் சங்கத்தின் விதிகளில் அப்படி எதுவும் இல்லை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 நூல்களும் வரும் பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய மடலில் இருக்கிறது.