நடக்கும்போது போடுகிற ஜாக்கெட்: பனியில் சாஃப்ட் ஷெல்லை வைத்துக்கொண்டு சமாளிப்பது எப்படி

திருப்பூரில் பதினெட்டு வருடமாகத் துணி செக்கிங் பார்க்கிறேன். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன், அப்புறம் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் 2023 ஜனவரியில் உத்தரகாண்டில் கேதார்காந்தா சிகரம் ஏறப் போனபோது உள்ளே போட்டிருந்தது நூறு சதம் காட்டன் பனியன். சொந்த ஊர்ச் சரக்கு என்ற பாசம்தான். வெளியே நல்ல சாஃப்ட் ஷெல் ஜாக்கெட். ஆனாலும் முதல் நாளே நடுங்கிப் போனேன். தப்பு ஜாக்கெட் மேல் இல்லை, நான் போட்ட விதத்தில்.

சாஃப்ட் ஷெல் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கம் நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர், கூடவே கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ். உள்பக்கம் மெல்லிய ஃப்ளீஸ் என்கிற புசுபுசுத் துணி. பெரும்பாலும் இரண்டையும் ஒட்டியிருப்பார்கள். 250 முதல் 350 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணிக்கு அத்தனை கிராம் எடை இருக்கும். சாதாரண பனியன் துணி 150, 160தான். காற்றைப் பெருமளவு தடுக்கும், வியர்வை ஆவியை வெளியே விடும், கையைத் தூக்கினால் கூடவே இழுபடும், லேசான பனித்தூறலைத் தாங்கும். அவ்வளவுதான். இது மழைக்கோட் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது உடம்பைக் காப்பாற்றும் கனத்த ஜாக்கெட்டும் இல்லை. ஏறிக்கொண்டே இருக்கும் உடம்புக்கான சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் டேக்கைப் படிப்பதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். துணியில் வாயை அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையில் காற்று பட்டால் உள்ளே மெம்ப்ரேன் என்கிற மெல்லிய படலம் இல்லை என்று அர்த்தம். வியர்வை சீக்கிரம் போகும், பலத்த காற்றில் கொஞ்சம் குளிரும். காற்று வரவே இல்லை என்றால் படலம் இருக்கிறது. காற்றை முழுக்க நிறுத்தும், வியர்வையையும் பாதி நிறுத்தும். முதுகில் பை மாட்டி மலை ஏறுகிறவர்களுக்கு முதல் வகை, பைக்கில் லடாக் போகிறவர்களுக்கு இரண்டாவது என்பது என் கட்சி. அடுத்தது, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பரணிலிருந்து டப்பா எடுப்பது போல இரண்டு கையையும் தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மூன்றாவது சோதனை பாக்கெட்டுக்கு. பையின் இடுப்புப் பட்டை மாட்டிய பிறகும் கை உள்ளே போகிற உயரத்தில் இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கியவள் நான். நாலு நாளும் மிட்டாய் எடுக்கக்கூட பட்டையைக் கழற்றினேன்.

ஏற்றம் தொடங்குகிற சங்க்ரியில் வாடகைக்கும் ஜாக்கெட் கிடைக்கும். ஒரு சீசனுக்கு எத்தனை தோள் ஏறி இறங்கியிருக்குமோ, தண்ணீர் ஒட்டாத ஃபினிஷ் தேய்ந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். தோள்பட்டையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றுங்கள். உருண்டு ஓடினால் எடுங்கள், ஊறினால் வேறு கேளுங்கள்.

சரி, முதல் நாள் கதைக்கு வருகிறேன். சங்க்ரி சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருக்கிற கிராமம். அங்கிருந்து ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரை முகாமுக்குப் பைன் காட்டுக்குள்ளே விடாத ஏற்றம். காலையில் குளிர் பல்லைக் கிட்டியது. பனியன், அதன் மேல் தடித்த ஃப்ளீஸ், அதன் மேல் சாஃப்ட் ஷெல், ஜிப் தாடை வரை. முதுகில் பத்துக் கிலோ. நாற்பது நிமிடத்தில் வியர்வை இடுப்பு வரை வழிந்தது. வழியில் டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ ஆறுவதற்குள் நான் ஆறிவிட்டேன். முதுகில் யாரோ ஈரத் துண்டைப் போட்டு அழுத்துவது போலக் குளிர். ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் பார்த்தால், இட்லிப் பானை மூடி போல முத்து முத்தாகத் தண்ணீர்.

நடந்தது இதுதான். சாஃப்ட் ஷெல் ஆவியை வெளியே விடும், ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. நான் அதற்கு மேல் அனுப்பினேன். மிச்ச ஆவி குளிர்ந்த துணியில் பட்டு மறுபடி நீரானது. காட்டன் பனியன் அதை விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. சாதாரண நிலையிலேயே காட்டன் தன் எடையில் 8.5 சதம் ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதம்தான். இதைத் துணி சோதிக்கிற லேபில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! உடம்பில் படும்போதுதான் புரிந்தது.

எங்கள் வழிகாட்டிப் பையன் ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டையும் மேலே சாஃப்ட் ஷெல்லும் மட்டும் போட்டு, ஜிப்பை நெஞ்சு வரை இறக்கிவிட்டிருந்தான். “தீதி, கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும்” என்று இந்தியில் சொன்னான். கூட வந்திருந்த என் தம்பி அதைக் கேட்டுவிட்டு, “அக்கா, உனக்குத் துணி தெரியும், உடம்பு தெரியலை” என்றான். அவனும் பனியனில்தான் இருந்தான் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து நான் செய்வது: உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை. வெயில் இருக்கும் ஏற்றத்தில் அதன் மேல் நேராக சாஃப்ட் ஷெல், நடுவில் எதுவும் இல்லை. முதல் பத்து நிமிடம் குளிரும், அப்புறம் சரியாகிவிடும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் ஒரு துணி அதிகம் என்று கழற்றிவிடுவேன். சூடு ஏற ஏற முதலில் ஜிப், பிறகு மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்திக் கையை முழங்கை வரை ஏற்றுவது, பிறகு பாக்கெட் ஜிப்பைத் திறப்பது. பாக்கெட்டின் உள்துணி வலையாக இருந்தால் அதுவே ஜன்னல். கழுத்தில் ஈரம் தட்டும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

நின்றால் சட்டம் தலைகீழ். சாஃப்ட் ஷெல் சூட்டை உண்டாக்காது, உடம்பு உண்டாக்குவதை ஓரளவு வைத்திருக்கும், அவ்வளவே. அதனால் பையின் உச்சியிலேயே டவுன் ஜாக்கெட், அதாவது பறவையின் மென்தூவி அடைத்த கனத்த ஜாக்கெட். நின்ற இரண்டாவது நிமிடம், குளிர் தெரிவதற்கு முன்பே, சாஃப்ட் ஷெல்லுக்கு மேலேயே மாட்டிக்கொள்வேன். இதற்காக டவுன் ஜாக்கெட்டை ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள்.

உச்சி 3,810 மீட்டர். இரவு இரண்டரைக்குக் கிளம்பினோம். தம்பியின் பையில் தொங்கிய சின்ன தெர்மாமீட்டர் மைனஸ் 11 காட்டியது. சட்டை, மெல்லிய ஃப்ளீஸ், சாஃப்ட் ஷெல், குல்லாவுக்கு மேல் ஹூட். ஏறும் வரை ஒரு குறையும் இல்லை. காய்ந்த பனி தோளில் விழுந்தது, தட்டினால் மாவு போல உதிர்ந்தது. முகட்டில்தான் காற்று. மைனஸ் 5 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 13 போலத் தெரியும். படலம் இல்லாத என் ஜாக்கெட்டில் அது ஊசி ஊசியாக இறங்கியது. பையிலிருந்த மழை ஜாக்கெட்டை மேலே போட்டதும் நின்றது. மூச்சு பட்டுப் பட்டுத் தாடை அருகே ஜிப் உறைந்துவிட்டது. இழுத்தால் ஜிப்பின் பல் போய்விடும், உள்ளங்கையில் பொத்தி வைத்தால் இளகும். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்த போன் வெளிப் பாக்கெட்டில் செத்துப்போனது. உள்பாக்கெட்டில் வைத்திருந்த தம்பியின் போனில்தான் ஸ்வர்காரோஹிணி மலைப் படமெல்லாம் இருக்கிறது.

மைனஸ் 11ஐ விட எனக்குத் தொல்லை கொடுத்தது பூஜ்ஜியம். இறங்கும்போது கீழே ஈரப்பனி. இது விழுந்ததும் கரையும். பையின் பட்டை அழுத்துகிற தோள்பட்டையில் ஃபினிஷ் தேய்ந்திருக்கும், அங்கே தண்ணீர் நேராக உள்ளே போகும். தையலிலும் போகும். ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலான சாஃப்ட் ஷெல்லில் தையல் மேல் டேப் ஒட்டியிருக்காது. ஆகவே ஈரப்பனியோ மழையோ தொடங்கியதுமே பையையும் சேர்த்து மூடுகிற பொன்ச்சோவைப் போட்டுவிடுங்கள். நனைந்த பிறகு போட்டால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஜிப்பெல்லாம் மூடி, லிக்விட் சோப்பில் துவைத்து, இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தாலும் தண்ணீர் ஒட்டும். சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு, லேபிளில் அயர்ன் போடலாம் என்று இருந்தால், மேலே ஒரு பழைய வேட்டியை விரித்து லேசான சூட்டில் தேய்த்தால் சோர்ந்திருக்கும் ஃபினிஷ் ஓரளவு மறுபடி எழும். அதற்கும் மசியவில்லை என்றால் அதற்கென்றே விற்கிற ஸ்பிரே இருக்கிறது. ஒட்டிய துணியில் கொப்புளம் போலத் தெரிந்தால் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை, பாண்டிங் விட்டுப் போச்சு.

அடுத்த மாதம் நண்பர்களோடு போவதற்குத் தம்பி என் ஜாக்கெட்டைக் கேட்டிருக்கிறான். நேற்று ஸ்பூனில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தேன். இடது தோளில் உருண்டு ஓடியது, வலது தோளில் அப்படியே ஊறியது. ஞாயிற்றுக்கிழமை வேட்டியும் அயர்ன் பாக்ஸும் எடுக்க வேண்டும்.